வண்டியும் சுகம்

உ
செக்காலை, காரைக்குடி
6-7-1971

சிரஞ்சீவி மாப்பிள்ளை சத்தியமூர்த்திக்கு அத்தான் பொன்னழகு ஆசாரி எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். உன் அக்காள் சீதாலட்சுமி சுகம். தச்சுப்பட்டறை சுகம். நீ ரயிலில் ஏற்றி அனுப்பிய வண்டியும் சுகம். மெட்ராசில் உன் சுகத்துக்கு உடனே எழுதவும்.

பார்சல் ஆபீசில் சாக்கைப் பிரித்ததும் கூட்டம் கூடிவிட்டது. ஒரே ஒரு சீட்டு, அதற்குப் பின்னால் கட்டில் மாதிரி ஒரு நீளச் சட்டம். சோடாக்கடை செம்மலை சுற்றிச் சுற்றி வந்தான். “என்ன ஆசாரியாரே, கட்டில் வந்திருச்சு. மெத்தைய எங்குட்டு வச்சீக?” என்றான். “இது மோட்டார் சைக்கிள்டா. மூட்டை ஏத்தி யாவாரம் பண்றதுக்குன்னே எம் மச்சினன் கம்பெனில புதுசாச் செய்யிறாக. சோதிச்சுப் பாத்துச் சொல்லச் சொல்லி எனக்கு அனுப்பிருக்காக” என்றேன். “ஒங்களையா? அந்தக் கம்பெனில வேற ஆளே இல்லையா?” என்றான். அதையேதான் நானும் யோசிக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனிடம் ரிப்போர்ட் கேட்கிறார்கள் என்றால் கம்பெனிக்கு ஏதோ நேரம் சரியில்லை.

முதல் ஓட்டமே பிள்ளையார்பட்டிக்குத்தான். ஒரு மூட்டை தேங்காய் கொண்டுபோனேன். சத்தம் கேட்டுத் தேங்காய்க்கடைப் பொன்னுத்தாயி எட்டிப் பார்த்து, “பிள்ளையாருக்குப் புது வாகனமா? பழைய எலி என்ன ஆச்சு?” என்றாள். அன்றிலிருந்து இதற்குப் பெருச்சாளி என்று பெயர். உன் கம்பெனி வேறு பெயர் வைத்திருந்தால் அழித்துவிடு.

உன் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி நேரத்துக்குச் சாப்பிடுதான்னு கேளுங்க” என்கிறாள். கேட்டுவிட்டேன்.

பொன்னழகு


கிண்டி, சென்னை
17-7-1971

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம். நான் நலம். தங்கள் நலத்தையும் அக்காவின் நலத்தையும் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. தங்களை ஏன் பிடித்தோம் என்று கேட்டீர்கள். கம்பெனி வாசலில் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மண் ரோட்டில், வியாபாரிகள் ஏற்றுகிற நிஜமான சுமையோடு தினமும் ஓட்டுகிற ஒருவர் சொல்ல வேண்டும். தங்களிடம் லைசென்சும் இருக்கிறது, சுமையும் இருக்கிறது. நான்தான் தங்கள் பெயரைச் சொன்னேன்.

தாங்கள் எழுதும் கடிதங்களை நான் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தலைமை இன்ஜினியரிடம் வைப்பேன். சரியாக இருந்தால் தை மாதம் உற்பத்தி தொடங்கும். நாலு வருடமாகத் தற்காலிக ஆளாகவே டிராயிங் போட்டுக்கொண்டிருக்கிற என்னையும் அப்போது நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு வேண்டுகோள். வேடிக்கைப் பேச்சைக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள். அதை ஆங்கிலத்தில் போட முடிவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
சத்தியமூர்த்தி


உ
செக்காலை
22-8-1971

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதியது. இங்கு எல்லாரும் சுகம். வண்டியும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

வேடிக்கையைக் குறைக்கச் சொன்னாய். குறைத்ததில் மிச்சம் இதுதான்.

தேவகோட்டைக்கு ஜன்னல் கதவு கொண்டுபோனேன். பிள்ளையார்பட்டிக்கு ஒன்று விட்டு ஒரு நாள் தேங்காய் போகிறது. செம்மலையின் சோடாப் பெட்டி நாலு ஏற்றினேன். சுமை ஏறிவிட்டால் கைப்பிடி தலையாட்டுகிறது. மாமனார் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்த புது மாப்பிள்ளை மாதிரி எதைக் கேட்டாலும் ஆமாம், ஆமாம். நானும் உன் வீட்டில் அப்படி ஆட்டியவன்தான். அந்த ஆட்டத்தில் என்ன கிடைத்தது என்று எழுதலாம் என்றால், கிடைத்தது எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. சுமையோடு நிறுத்தினால் பெருச்சாளி தன் குணத்தைக் காட்டுகிறது. ஸ்டாண்டை மணலில் ஊன்றி வளை தோண்டுகிறது. பொன்னுத்தாயி கடை வாசலில் ஒரு வளை, சந்தையில் ஒரு வளை. நான் திரும்பி வரும்போது வண்டி படுத்திருக்கும். செம்மலை, “நடந்து களைச்சுப் போச்சு போல” என்பான்.

ஆனாலும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. கம்பெனி விற்க ஆரம்பித்ததும் முதல் வண்டி தனக்குத்தான் என்கிறான். பெட்டிக்கு மேலே பலகை போட்டுப் பெண்டாட்டி மீனம்மாளையும் உட்கார வைத்துத் தேவகோட்டைக்குப் போவானாம். மீனம்மாள், “நான் என்ன சோடா பாட்டிலா?” என்கிறாள்.

பொன்னழகு


கிண்டி
4-9-1971

அன்புள்ள அத்தானுக்கு, நலம். நலம் அறிய ஆவல்.

மிக்க மகிழ்ச்சி. ‘வண்டியும் சுகம்’ என்று தாங்கள் எழுதியதையே ரிப்போர்ட்டின் முதல் வரியாகப் போட்டேன். ஆங்கிலத்தில் ‘வண்டியின் நிலை நன்று’ என்று வரும். என்னென்ன சுமை, எந்தெந்த ஊர் என்பதையும் பட்டியலாகப் போட்டேன். மாப்பிள்ளை விருந்தையும் எலி வளையையும் விட்டுவிட்டேன். தலைமை இன்ஜினியர் ஐயா படித்துப் பார்த்துத் தலையசைத்தார். அவர் தலையசைப்பது அபூர்வம்.

தீபாவளிக்கு ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். அக்காவிடம் சொல்லவும்.

சத்தியமூர்த்தி


உ
செக்காலை
5-10-1971

மாப்பிள்ளைக்கு. இங்கு எல்லாரும் சுகம். வண்டியும் சுகம்.

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. பேனா புதிது.

போன வாரம் பிள்ளையார்பட்டிக்கு ரெண்டு மூட்டை தேங்காய். கண்மாய்க் கரை ஏறும்போது பெருச்சாளிக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. முன்னங்காலைத் தூக்கி, கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டது. அது கும்பிடும்போது நான் சும்மா இருக்கலாமா? நானும் தரையில் விழுந்து கும்பிட்டேன். நூறு தேங்காயும் உருண்டு கண்மாய்க்குள் போய்விட்டன. அவ்வளவு பெரிய சூறைத்தேங்காய் அந்தப் பிள்ளையாருக்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

தீபாவளிக்கு வராதே. இங்கே மழை. ரயிலில் கூட்டம். பொங்கலுக்கு வா.

பொன்னழகு


கிண்டி
12-11-1971

அன்புள்ள அத்தானுக்கு, நலம். தங்கள் நலத்துக்கு எழுதவும்.

தங்கள் சொல்லை மீறாமல் தீபாவளிக்கு இங்கேயே இருந்துவிட்டேன். அக்கா கை முறுக்கு இல்லாத தீபாவளி.

கடிதத்தைப் படிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கோழி நடந்த மாதிரி எழுத்து. அந்தப் பேனாவைத் தூக்கி எறியுங்கள்.

நல்ல சேதி. தை மாதம் உற்பத்தி என்று முடிவாகிவிட்டது. கடிதங்களை வைத்து நான் எழுதிய ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் தங்கள் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். செம்மலையும் எனக்குக் கார்டு போட்டிருக்கிறார். முதல் வண்டி அவருக்குத்தான் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

சத்தியமூர்த்தி


கிண்டி
18-12-1971

அன்புள்ள அத்தானுக்கு, நலம்.

ஐந்து வாரமாகிறது. ஒரு வரி வரவில்லை. யுத்தத்தால் தபால் தாமதமோ என்று நினைத்தேன். இங்கே மற்றவர்களுக்கு ஒழுங்காக வருகிறது. கடைசி மாத ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. நாலு வரி போதும். வேடிக்கையாகவே எழுதினாலும் சரி.

சத்தியமூர்த்தி


செக்காலை
27-12-1971

அன்புள்ள தம்பிக்கு அக்காள் சீதாலட்சுமி எழுதுவது.

சுகம் என்று தொடங்கப் போவதில்லை. உன் அத்தானுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

செப்டம்பர் மாதக் கடைசியில் உன் அத்தான் வண்டியிலிருந்து விழுந்துவிட்டார். கண்மாய்க் கரை ஏற்றத்தில், பின்னால் இருந்த பாரம் இழுத்து முன் சக்கரம் மேலே தூக்கிவிட்டது. வண்டி அவர் வலது கை மேல் விழுந்தது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. வைத்தியர் முட்டையும் உளுந்துமாவும் பூசி மூங்கில் வைத்துக் கட்டினார். கட்டுப் பிரித்தும் பெருவிரல் மடங்கவில்லை. பட்டறையில் மரம் இழைக்கிற இழைப்புளி சும்மா தொங்குகிறது. உனக்கு வந்த கோழிக்கால் எழுத்து இடது கையால் எழுதியது. நான் எழுதித் தருகிறேன் என்றேன். “நீ எழுதுனா ஒந்தம்பி கண்டுபிடிச்சிருவான். அவன் வேலை நிலைக்கட்டும்” என்றார். தீபாவளிக்கு வராதே என்றதும் அதற்குத்தான்.

நீ அனுப்பிய இங்கிலீஷ் காகிதத்தைப் போஸ்ட்மாஸ்டர் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னார். வண்டியின் நிலை நன்று, மிக நன்று என்று வந்தது. உன் அத்தான் முதலில் சிரித்தார். “இங்கிலீஷ்ல நான் ரொம்பச் சௌக்கியமா இருக்கேன்” என்றார். பிறகு, “சார், விழுந்து கும்பிட்டேன்னு எழுதுனேனே, அது எந்த இடத்துல வருது?” என்று கேட்டார். போஸ்ட்மாஸ்டர் இரண்டு தரம் தேடிவிட்டு, “அப்படி ஒண்ணும் இல்லையே ஆசாரியாரே” என்றார். அன்றிலிருந்து உன் அத்தான் யாரையும் கேலி செய்வதில்லை. செம்மலை வந்து மீனம்மாள் உட்காரப் பலகைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனான். அதற்கும் சும்மா இருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

தம்பி, சுகம் என்பது கடிதத்துக்குக் கட்டுகிற தலைப்பாகை. காய்ச்சலில் கிடந்து எழுதினாலும் முதல் வரியில் அதைத்தான் எழுதுவோம். நீயும் இந்த ஊரில் பிறந்தவன்தானே? அதை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டாயே.

சீதாலட்சுமி


கிண்டி
8-1-1972

அத்தானுக்கும் அக்காவுக்கும்,

தங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். தலையாட்டுகிற மாப்பிள்ளை என்றால், சுமையில் கைப்பிடி நிலையாக இல்லை. எலி வளை என்றால், ஸ்டாண்டு மண்ணில் இறங்குகிறது. கும்பிடு என்றால், சட்டம் பின்னால் நீண்டிருப்பதால் ஏற்றத்தில் முன் சக்கரம் எழும்புகிறது. ஒரு சோதனைக்காரர் கண்டுபிடிக்க வேண்டியது மூன்று. மூன்றையும் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் நான் அடித்திருக்கிறேன்.

அந்தக் கடிதங்களை ஐயாவிடம் கொண்டுபோய், ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு காலைப் பொழுது முழுக்க ஆனது. புது மாப்பிள்ளை ஏன் தலையாட்டுகிறான் என்பதை விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. முடிந்ததும், “முன்பு இதையெல்லாம் யார் எடுத்தது?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கவலை வேண்டாம். அத்தான், கை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். சுமையை எங்கே வைத்தால் சரியாக இருக்கும் என்றும் எழுதுங்கள். இந்த முறை எதையும் எடுக்க மாட்டேன்.

சத்தியமூர்த்தி


செக்காலை
2-2-1972

மாப்பிள்ளைக்கு அத்தான் சொல்ல, உன் அக்காள் எழுதுவது. கையெழுத்து அழகாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் ஒரு விஷயம். தப்பை எல்லாம் உன் தலையில் நீயே கட்டிக்கொள்ளாதே. நான் வேடிக்கையாகச் சொன்னதும் ஒளித்ததுதான். புரிந்தால் உன் பாடு, புரியாவிட்டால் உன் வேலை நிலைக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். மீனம்மாள் ஏறப்போகிற வண்டியில் அந்தக் கணக்கு எனக்கு வந்திருக்கக் கூடாது. செம்மலையைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். “இத ஏன் அப்பவே சொல்லல?” என்றான். அவன் அளவு கொடுத்த பலகையை அடுப்பில் வைத்துவிட்டேன். (நல்ல தேக்கு. நான் எடுத்து வைத்திருக்கிறேன். - சீ)

இப்போது பாரம். உங்கள் இன்ஜினியர்கள் கழுதையைப் பார்த்ததே இல்லையா? நம் கண்மாயில் துணி வெளுக்கிற வீரையாவின் கழுதையைப் போய்ப் பார்த்தேன். முதுகில் பொதியைக் குவிப்பதில்லை. இரண்டு பக்கமும் வயிற்றுக்குக் கீழே வரைக்கும் தொங்கவிடுகிறான். அதுவும் பின்னங்காலுக்கு முன்னால். அந்தக் கழுதை எத்தனையோ வருடமாக அந்தக் கரையில் ஏறுகிறது, யாரையும் கும்பிட்டதில்லை. உன் அக்காள் நாடா பிடிக்க, நான் கழுதையை அளந்தேன். கழுதையும் என்னை ஒரு தரம் அளந்தது. இடது தொடையில். (சிரிக்காதே தம்பி, இரண்டு நாள் நொண்டினார். - சீ)

அந்த அளவைச் சுருக்கி மரத்திலே ஒரு சின்ன மாதிரி வண்டி செய்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாழ்வாக இரண்டு சட்டம், பாரம் அச்சுக்கு முன்னால் உட்காருகிற மாதிரி. ஸ்டாண்டின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. மண்ணில் இறங்காது. இழைத்தது உன் அக்காள். அதிகாரம் மட்டும் என்னுடையது. (அது பொய். இடது கையால் உளி பிடித்துத் துளை போட்டது இவர்தான். ஒவ்வொரு துளைக்கும் அரை நாள். - சீ)

பொன்னழகு


கிண்டி
20-5-1972

அன்புள்ள அத்தானுக்கு, இங்கு நலம். யாவரும் நலம்.

தங்கள் மர வண்டி ஐயாவின் மேசை மேல் மூன்று மாதம் இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அதே கணக்கில் முழு அளவுக்கு இரும்பில் செய்து, இரண்டாவது சோதனை வண்டி தயாராகிறது. மெக்கானிக் அரசப்பன் அதை ரயிலில் கொண்டுவருவார். தாங்கள் ஓட்ட வேண்டாம். பார்த்துச் சொன்னால் போதும்.

அக்காவுக்கு என் அன்பு.

சத்தியமூர்த்தி


உ
செக்காலை
16-8-1972

மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. என் சொந்தக் கையால், வலது கையால்.

நான் சுகமில்லை. முழுக்க இல்லை. பேனா பிடிக்கிறது, உளி பிடிக்கிறது. இழைப்புளியைப் பிடித்துத் தள்ளினால் பெருவிரல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. இனி மடங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பட்டறையில் உன் அக்காள் இழைக்கிறாள், நான் துளை போடுகிறேன். முந்தி ஒரு ஆசாரிதான் இருந்தார், இப்போது ஒன்றரை ஆசாரி என்கிறான் செம்மலை. அரை யார் என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சில நாள் காலையில் இழைப்புளியைப் பார்க்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதிவிட்டேன்.

வண்டி வந்தது. அரசப்பன் சும்மா ஓட்டிக் காட்டினார். பிறகு செம்மலை ஆறு சோடாப் பெட்டியை இரண்டு பக்கமும் கட்டி, கண்மாய்க் கரையில் ஏற்றினான். நான் கரை மேல் நின்று முன் சக்கரத்தை மட்டும் பார்த்தேன். தரையை விட்டு எழும்பவே இல்லை. மறுபடி இறங்கி ஏறச் சொன்னேன். ஒன்பது தரம் ஏறினான். “என்னையும் கழுதையாக்கிட்டீக ஆசாரியாரே” என்று கத்தினான். மணலில் நிறுத்தினோம். நின்றது. ஒரு பாட்டில் உடையவில்லை. பிறகு மீனம்மாள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மனுசி ஒக்கார எடமே இல்லையே?” என்றாள். அதுதான் இதிலே பெரிய நல்லது என்றேன்.

வண்டி சுகம். இது தலைப்பாகை இல்லை, ரிப்போர்ட். இதை இங்கிலீஷில் போடலாம்.

இனி ஒரு விஷயம். அரசப்பன் இங்கே சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஐயாவிடம் நீ உள்ளதைச் சொன்ன மறுவாரமே உன்னை டிராயிங்கிலிருந்து எடுத்து, சரக்கு எண்ணுகிற ஸ்டோரில் போட்டுவிட்டார்களாம். எங்கள் மர வண்டியைப் பார்த்து இரும்பு வண்டிக்கு வரைபடம் போட்டது நீதானாம், ஸ்டோர் வேலை முடிந்து, தனியாக உட்கார்ந்து. ஆனால் நிரந்தரம் என்ற பேச்சே இல்லையாம். உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘இங்கு நலம். யாவரும் நலம்.’ எங்கள் வீட்டு வியாதி உனக்கும் ஒட்டியிருக்கிறது.

உன் அக்காள் அப்போது அடுப்படியில் இருந்தாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது முதல் வரியை விட்டுவிட்டு, இரண்டாவது வரியிலிருந்து தொடங்கு.

நீ சுகமா?

பொன்னழகு